ஆசாரி, மரப்பட்டறை, காண்ட்ராக்டர்: எந்த வேலையை யாரிடம் கொடுப்பது?

குடவாசல் பக்கம் 1,200 சதுர அடியில் வீடு கட்டப்போகிற ஒருவர் கேட்டது இது. காண்ட்ராக்டர் மரவேலையையும் சேர்த்து நானே முடித்துத் தருகிறேன் என்கிறார். அப்பா காலத்திலிருந்து வீட்டுக்கு வந்துபோகிற ஆசாரி, நிலையும் கதவும் என்னிடம் விடுங்கள் என்கிறார். தஞ்சாவூரில் பட்டறை வைத்திருப்பவர் கட்டில், அலமாரி, கதவு எல்லாம் ஒரே கையில் முடித்துவிடலாம் என்கிறார். மூன்று பேரும் செய்வது மரவேலைதானே, என்ன வித்தியாசம், யாரிடம் கொடுப்பது? கூடவே இரண்டு கிளைக்கேள்விகள்: பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த, கூரையைத் தாங்கிய உத்தரங்களை என்ன செய்வது, பன்னிரண்டாவது முடித்த தம்பி இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறான், எதைக் கற்றுக்கொள்ளலாம்?

எனக்கு ஊர் கும்பகோணம் பக்கம். அப்பா ஆசாரி. நானும் பதினைந்து வருடம் உளி பிடித்துவிட்டு, இப்போது பத்து வருடமாக வீட்டு காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், குழப்பம் நம் பேச்சிலேயே இருக்கிறது. வீணை செய்பவரும் ஆசாரி, ஓட்டுக்கூரைக்குக் கைமரம் ஏற்றுபவரும் ஆசாரி, தேருக்குச் சிற்பம் செதுக்குபவரும் ஆசாரி, பிளைவுட்டில் சமையலறை அலமாரி அடிப்பவரும் ஆசாரி. தொழிலுக்கும் சாதிக்கும் ஒரே பெயராக இருந்துவிட்டதால் உள்ளே இருக்கிற பிரிவுகள் வெளியே தெரியாமல் போய்விட்டன. நான் பிரித்துப் பார்க்கிற வழி ஒன்றுதான்: வேலையில் ஒரு தவறு வந்தால் அந்த ஆள் எதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்? பட்டறைக்காரர் பொருளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கட்டட ஆசாரி அந்தப் பொருள் சுவரோடு சேர்ந்து நிற்கிற இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். காண்ட்ராக்டர் நாளுக்கும் பணத்துக்கும், மற்ற எல்லாருடைய வேலைக்கும் பதில் சொல்ல வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் யாரிடம் எதைக் கொடுப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பட்டறை வேலை என்றால் என்ன என்று பார்க்க நம் பக்கத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. நாயனம், அதாவது நாகஸ்வரம் செய்கிற ஊர், 2022இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஆச்சா மரத்தைத் துண்டு போட்டு, கடைசலில் ஏற்றிக் கடைந்து, நீளவாக்கில் உள்ளே துளை போடுகிறார்கள். மேலே குறுகலாகத் தொடங்கிக் கீழே அகன்றுகொண்டே போகிற துளை அது. எங்காவது ஒரு நூல் அளவு கூடினாலோ குறைந்தாலோ சுரம் விலகும், பிறகு அந்தக் கட்டை விறகுக்குத்தான். நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாத ஆசாரி இந்த ஊரில்தான் சுத்த மத்யமம் என்கிற சுரம் சரியாகப் பேசுகிற பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். தஞ்சாவூர் வீணையும் இப்படித்தான். பலா மரம், அதிலும் ஒரே கட்டையில் குடைந்தால் ஏகாண்ட வீணை, துண்டு சேர்த்துச் செய்தால் ஒட்டு வீணை. இந்த வேலைக்காரருக்குச் சுவர் கோணலா, தளம் சரிவா என்ற கவலையே இல்லை. மரம் அவர் மடியில் இருக்கிறது, தேவைப்பட்டால் நான்கு மாதம் காயவைப்பார், பிடிக்கவில்லை என்றால் வேறு கட்டை எடுப்பார். கட்டில், மேசை, பூஜை மாடம் செய்கிற நல்ல பட்டறைக்காரரும் இதே வகைதான். பொருள் முடிந்த பிறகு உங்கள் வீட்டுக்கு வருகிறது.

கட்டட ஆசாரியின் வேலை நேர் எதிர். அவர் போகிற இடத்தில் எதுவுமே சரியாக இருக்காது. கொத்தனார் கட்டிய சுவர் அரை அங்குலம் சாய்ந்திருக்கும், தரை இன்னும் போட்டிருக்காது, மட்டம் எங்கே வரும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, அதற்குள் நல்ல நேரம் பார்த்து நிலை வைத்தாக வேண்டும். நிலை வைக்கிறதை நாம் சடங்காகத்தான் பார்க்கிறோம், மஞ்சள் குங்குமம், நவதானியம், மாவிலை, போட்டோ. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஆசாரி என்ன செய்கிறார் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். ஒரு நூலை எடுத்து நிலையின் இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்குப் பிடிப்பார், அதே நூலை மாற்றி மறுபக்கம் பிடிப்பார். இரண்டும் ஒரே அளவு வந்தால்தான் நிலையின் மூலைகள் நேர்க்கோணம். பிறகு தூக்குக்குண்டை முன்பக்கம் ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை இரண்டு காலுக்கும் விடுவார். முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் விட்டுவிட்டால் கதவு தானாகவே திறந்துகொள்ளும், அல்லது தானாகவே சாத்திக்கொள்ளும். அப்படி ஒரு கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிற வீட்டை எல்லாரும் பார்த்திருப்போம். அது கதவின் குற்றமே இல்லை, நிலை வைத்த அன்று தப்பிய குண்டுநூல். எங்கள் அப்பா நிலை வைத்த பிறகு கொத்தனார் கல் கட்டி முடிக்கிற வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார், ஏனென்றால் கலவை போட்டு இறுக்கும்போது நிலை நகரும், அப்போது ஒரு தட்டுத் தட்டிச் சரி செய்ய ஆசாரி அங்கே இருக்க வேண்டும். பட்டறையில் செய்து வண்டியில் ஏற்றி அனுப்புகிறவர் அங்கே இருக்க மாட்டார்.

கான்கிரீட் ஊற்ற அச்சு அடிக்கிற செண்ட்ரிங் வேலையும் தச்சு வேலையில் பிறந்ததுதான், இப்போது தனித் தொழிலாகப் பிரிந்துவிட்டது. பலகை, சவுக்கு முட்டு, இரும்புத் தகடு. அந்த மரம் வீட்டில் தங்காது, கான்கிரீட் இறுகுகிற வரை பாரம் தாங்கிவிட்டுப் போய்விடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள் நிற்க வேண்டும். இது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்குச் சொன்ன கணக்கு. இப்போது வீடுகளுக்குப் பெரும்பாலும் வருவது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், அதற்கு இன்னும் சில நாள் கூடுதலாக விட வேண்டும். அடுத்த சைட்டுக்குப் பலகை வேண்டும் என்று சீக்கிரம் பிரிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று வேலையும் ஒரே இடத்தில் சேர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். சிற்பத்தோடு கூடிய மர அடிப்பகுதி சுமார் 30 அடிதான், அது செதுக்குகிறவர் கை. அதற்கு மேல் மூங்கிலும் சட்டமும் கயிறும் தேர்ச்சீலையுமாக 96 அடிக்கு எழுப்புவது கட்டுகிறவர் கை, ஒவ்வொரு தேரோட்டத்துக்கும் புதிதாகக் கட்டிப் பிரிக்கிற வேலை. இவர்களையும், பிரேக் பார்க்க வருகிற திருச்சி பெல் நிறுவன ஆட்களையும், முட்டுக்கட்டை போடுகிறவர்களையும் ஒரே நாளில் ஒரே ஒழுங்கில் கொண்டுவந்து நிறுத்துவது மூன்றாவது வேலை. அந்த மூன்றாவதற்கு உளி பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

காண்ட்ராக்டர் வேலை அதுதான். நான் இதற்கு வந்த புதிதில் நல்ல ஆசாரி என்றால் நல்ல காண்ட்ராக்டர் ஆகிவிடலாம் என்று நம்பினேன். அது அப்படி வரவில்லை. கொத்தனார் வருகிற அன்று மணல் இருக்க வேண்டும், எலக்ட்ரீஷியன் பைப் பதிக்கிறதற்கு முன்னால் பூச்சு வேலை தொடங்கக் கூடாது, வங்கி அடுத்த தவணை விடுவதற்கு லிண்டல் மட்டம் முடிந்திருக்க வேண்டும், ஐப்பசி மழைக்கு முன் தளம் போட்டாக வேண்டும், மேட்டூர் தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டால் பாதி சித்தாள்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். இதையெல்லாம் முன்கூட்டி நினைத்து வைப்பதுதான் அந்தத் தொழில். அதை மட்டமாகப் பேசுகிற ஆசாரிகள் நிறைய, நானும் ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன். அது தப்பு. ஆனால் அதே காண்ட்ராக்டர் மரத்தைத் தொட்டுப் பார்த்து இது காய்ந்ததா பச்சையா என்று சொல்வார் என்று எதிர்பார்ப்பதும் தப்பு.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாறு வருடத்துக்கு முன் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வீட்டுக்கு மரத்தோடு சேர்த்து ஒப்பந்தம் எடுத்தேன். நாள் நெருக்கடி. ஒரு மரக்கடையில் நிலையும் கதவும் தயாராகவே இருக்கிறது என்றார்கள், வாங்கி வைத்துவிட்டேன். நான் ஆசாரி மகன், ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்திருந்தாலே கனம் காட்டிக் கொடுத்திருக்கும், அன்று தூக்கிப் பார்க்கவில்லை. சித்திரை வெயிலில் கதவுப் பலகை சுருங்கிச் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழைகிற வெடிப்பு. வீட்டுக்கார அம்மா என்னைத் திட்டவில்லை, வெடிப்பில் துணியைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நான்கு கதவையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மரவேலையை ஒப்பந்தத்துக்குள் எடுப்பதே இல்லை. மரம் வீட்டுக்காரர் வாங்குவார், ஆசாரி பார்த்து எடுப்பார், எப்போது நிலை வேண்டும், எப்போது கதவு வேண்டும் என்ற நாளை மட்டும் நான் சொல்வேன்.

மரம் அசைகிற விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், அப்போது யாரிடமும் ஏமாற மாட்டீர்கள். மரம் நீளத்தில் ஏறக்குறைய அசையாது, அகலத்தில்தான் சுருங்கும், விரியும். நம் பக்கம் கார்த்திகையில் காற்றே நனைந்திருக்கும், சித்திரையில் காய்ந்து கிடக்கும், வருடா வருடம் இந்த இரண்டுக்கும் நடுவில் கதவு போய்வந்துகொண்டேதான் இருக்கும். அதனால்தான் பழைய ஆசாரிகள் சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, அதில் பலகையைப் பசை போடாமல் சும்மா நிற்க விடுவார்கள். சட்டங்களைக் கழுந்தும் துளையுமாக, ஒன்றின் முனையை மற்றதன் துளையில் செருகிக் கோத்து, மூங்கில் ஆணி அடித்து இறுக்குவார்கள். சட்டம் உறுதி, பலகை சுதந்திரம். காடிக்குள் பசை ஊற்றி ஒட்டிவிட்டால் பலகை விரிய இடமில்லாமல் சட்டத்தைப் பிளக்கும், சுருங்கும்போது தானே வெடிக்கும். ஆசாரியிடம் பேசும்போது பலகைக்குப் பசை போடுவீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்கிற பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும். ஈரம் பார்க்கிற மீட்டர் இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது, 12லிருந்து 15 சதவீதத்துக்குள் காட்டினால் நம் ஊருக்குச் சரி.

அப்புறம் அளவு. இதில்தான் பணம் போகிறது. மரம் கன அடிக் கணக்கு. 3 அடிக்கு 7 அடி நிலை, சட்டம் 5 அங்குலம் 3 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால் 14 அடி, மேலும் கீழும் சேர்த்து, சுவருக்குள் போகிற கொம்பு விட்டு 7 அடி, மொத்தம் 21 அடி. ஐந்தை மூன்றால் பெருக்கினால் 15, அதை 144ஆல் வகுத்து 21ஆல் பெருக்கினால் சுமார் 2.19 கன அடி. இதை நீங்களே போட்டுப் பாருங்கள். பில்லில் 3 கன அடி என்று இருந்தால் கேளுங்கள். 5க்கு 3 என்பது அறுத்த அளவா இழைத்த அளவா என்பதையும் கேளுங்கள், இழைத்தால் கால் அங்குலம் குறையும், அது நியாயம், ஆனால் முன்னாலேயே பேசியிருக்க வேண்டும். உருட்டு மரமாக வாங்கினால் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 4 அடிச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. உண்மையான கொள்ளளவு அதைவிட அதிகம், ஏறக்குறைய 12.7 வரும். அறுக்கும்போது வீணாகிற தோலுக்கும் வெளிறுக்கும் (வெளிப்பக்கத்து இளமரம்) ஈடாகத்தான் அந்தப் பழைய கணக்கு, ஆகவே உருட்டு மர விலையையும் அறுத்த மர விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

தேக்கு என்று சொன்னாலும் எது என்று கேட்க வேண்டும். மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது, இன்று பர்மா தேக்கு என்று யார் சொன்னாலும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் பக்கத்து வாய்க்கால் கரைத் தேக்கு தண்ணீர் குடித்து வேகமாக வளர்ந்தது. அதில் வெளிறு அதிகம், உள்ளே முற்றிய வைரம் குறைவு, வெளிறு இருந்தால் கரையான் தேடி வரும். வைரப் பகுதியை மட்டும் எடுத்துக் கொடுத்தால் நல்ல மரம்தான், நான் தயங்காமல் வாங்குவேன். வேம்பும் பூவரசும் உள்கதவுக்குத் தாராளமாகப் போதும், எல்லாவற்றுக்கும் தேக்கு போட வேண்டும் என்பது பக்கத்து வீட்டைப் பார்த்து வருகிற ஆசை. சமையலறைக்கு பிளைவுட் என்றால் தொட்டிக்குக் கீழே மட்டுமாவது தண்ணீர் தாங்குகிற ஐ.எஸ். 710 முத்திரை போட்ட பலகையாக இருக்கட்டும், முத்திரை பில்லில் இருந்தால் போதாது, பலகையில் இருக்க வேண்டும்.

சரி, உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: கட்டடம் காண்ட்ராக்டருக்கு. ஒப்பந்தத்தில் மரவேலை நீங்கலாக என்று எழுதி, சதுர அடி விலையில் அதற்கான தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள். கழிக்க மனமில்லாமல் இழுத்தால், எந்த மரம், என்ன அளவு, யார் கீல், யார் தாழ்ப்பாள், வார்னிஷ் யார் கணக்கு என்று ஒவ்வொன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு உள்ளேயே விடுங்கள், வாய்ப்பேச்சில் மட்டும் விடாதீர்கள். நிலையும் ஜன்னலும் கதவும் அப்பா காலத்து ஆசாரியிடம், ஏனென்றால் ஐந்து வருடம் கழித்துக் கதவு பிடித்தால் இழைப்புளியை எடுத்துக்கொண்டு வரப்போவது அவர்தான். கட்டில், அலமாரி பட்டறைக்காரரிடம், அதுவும் பூச்சும் தரையும் முடிந்து, சுவர் காய்ந்த பிறகு வந்து அளவெடுக்கச் சொல்லுங்கள். வரைபடத்தைப் பார்த்து அளவெடுத்த அலமாரி எந்தச் சுவரிலும் உட்காராது. இன்னொன்று, நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி வந்தால் கொத்தனார் ஆசாரியைச் சொல்வார், ஆசாரி கொத்தனாரைச் சொல்வார். நிலை வைக்கிற அன்று இருவரையும் காண்ட்ராக்டரையும் ஒன்றாக நிறுத்தி, மூன்று பேரும் குண்டுநூலைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு கலவை போடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.

தம்பிக்கு. ஐ.டி.ஐ.யில் கார்பெண்டர் ஒரு வருடப் படிப்பு. சேரட்டும், வரைபடம் படிக்கவும் மெஷினில் கை வைக்கவும் அங்கே ஒழுங்காகச் சொல்லித் தருவார்கள். ஆனால் நிலை வைக்க அங்கே கற்க முடியாது, அதற்கு ஒரு கட்டட ஆசாரியோடு இரண்டு மழைக்காலமாவது போக வேண்டும். எடுத்த எடுப்பில் காண்ட்ராக்ட் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. இருபது வயதில் அடுத்தவர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் வேலைக்குப் பதில் சொல்வது பெரிய பாரம். தனியாகப் பொருள் செய்கிற பொறுமை அவனுக்கு இருந்தால் பட்டறை, நாலு பேரோடு வெயிலில் நின்று பேசிச் சரிக்கட்டுகிற குணம் இருந்தால் கட்டட வேலை. இரண்டில் எதுவானாலும் சாதி பார்த்துக் கற்றுக்கொடுத்த காலம் போய்விட்டது, என்னிடம் கற்றவர்களில் பாதிப் பேர் ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் இல்லை. கட்டட வேலைக்குப் போனால் முதல் வேலையாகக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், தச்சு வேலையும் அதில் உண்டு. விபத்து உதவி, பிள்ளைகள் படிப்பு உதவி, 60க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அந்த அட்டையில்தான் வரும். எங்கள் அப்பா பதியாமலே விட்டுவிட்டார்.

கடைசியாக அந்த உத்தரங்கள். பழைய மரக்கடைக்காரர் வந்து மொத்தமாக விலை கேட்டிருப்பார், இன்னும் கொடுக்காதீர்கள். ஒரு முனையில் விரல் அளவுக்குச் சில்லு எடுத்து வாளித் தண்ணீரில் போடுங்கள். தேக்கு மிதக்கும். செந்நிறம் ஓடிய கறுத்த மரமாக இருந்து கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தால் ஆச்சாவாக இருக்க வாய்ப்பு உண்டு, நம் நாட்டு மரங்களிலேயே கனமானவற்றில் அது ஒன்று. நரசிங்கம்பேட்டையில் நாயனத்துக்குத் தேடுவது பழைய வீடுகளைப் பிரித்து எடுத்த, பல வருடம் காய்ந்த ஆச்சாவைத்தான். அப்படியானால் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அங்கே நேரில் போய்க் காட்டுங்கள். தேக்காக இருந்தால் விற்கவே வேண்டாம், நூறு வருடம் காய்ந்த மரம் இனி அதிகம் அசையாது, உங்கள் ஆசாரி அதிலேயே தலைவாசல் நிலை போட்டுவிடுவார். அறுக்கிறதற்கு முன் பழைய ஆணி ஒன்று விடாமல் பிடுங்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மில்லில் வாள் போய்விடும், அதனாலேயே பல மில்காரர்கள் பழைய மரத்தை ஏற்ற மாட்டார்கள். அதுவரை கொல்லையில் மண்மேல் போட்டு வைக்காமல், மூன்று இடத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் தூக்கி வைத்து, மேலே மட்டும் தகரம் போட்டு மூடுங்கள். பக்கவாட்டில் காற்று போகட்டும்.